முடியாததையும் அச்சிடும் செய்திமடல்: எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை பற்றி

பினாங்குத் தீவில் நான் குடியிருக்கும் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு செய்திமடல் வெளியிடுகிறார். எட்டுப் பக்கம். மலாய், சீனம், தமிழ் என்று தனித்தனிப் பதிப்பு. அதன் ஏழாம் பக்கத்துக்கு 'நிலுவையில் உள்ளவை' என்று தலைப்பு. மக்கள் என்ன கேட்டார்கள், அது எந்த அலுவலகத்தில் நிற்கிறது, கடைசியாக என்ன பதில் வந்தது, அடுத்து எப்போது மறுபடி கேட்கப்படும் என்று வரிசையாக இருக்கும். அரசியல்வாதிகளிடமிருந்து வரும் தாள்களில் இப்படி ஒரு பக்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இந்த மதிப்புரையை எழுதுவதே அந்தப் பக்கத்துக்காகத்தான்.

உறுப்பினரின் பெயரையும் கட்சியையும் எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவர்களில் பாதிப் பேர் பெயரைப் பார்த்ததுமே முடிவுக்கு வந்துவிடுவார்கள். மடலைப் பற்றியும் சேவை மையத்தைப் பற்றியும் நான் சொல்ல வந்தது காதில் ஏறாது. எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் அழைப்பதுபோல 'ஒய்.பி.' என்றே சொல்லிக்கொள்கிறேன் ('யாங் பெர்ஹொர்மாட்', அதாவது மாண்புமிகு என்பதன் சுருக்கம்). நான் எந்தக் கட்சியிலும் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது எங்கள் மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்டு நிர்வாகக் குழுவுக்குச் செயலாளர். அரசாங்கக் கடிதங்களைப் படித்து, மற்றவர்களுக்குப் புரியும்படி சொல்லும் வேலை என் தலையில்தான் விழுகிறது. அந்தக் கண்ணோடுதான் இந்த மடலையும் படிக்கிறேன்.

முதலில் சட்டமன்றப் பக்கங்களைச் சொல்லவேண்டும். பினாங்குச் சட்டமன்றத்தில் 40 உறுப்பினர்கள். லைட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் அந்த வெள்ளைத் தூண் கட்டடத்தை எல்லாரும் பார்த்திருப்போம். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் மிகக் குறைவு. கூட்டத்தொடர் முடிந்தபின் வரும் இதழில், நம் உறுப்பினர் எழுப்பிய கேள்விகளும் மாநில அமைச்சரவை போன்ற ஆட்சிக்குழு கொடுத்த பதில்களும் முழுதாக அச்சாகின்றன. சுருக்கமோ பாராட்டுரையோ கிடையாது. கேள்வி, பதில், அவ்வளவே. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் கீழே சாய்ந்த எழுத்தில் 'இந்தப் பதில் கேள்வியைத் தொடவில்லை, எழுத்துமூலம் மறுபடி கேட்டிருக்கிறோம்' என்று ஒரு குறிப்பு இருக்கும். ஆளும் தரப்பில் இருந்துகொண்டே இப்படி எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். அதை மனமார மதிக்கிறேன்.

எங்கள் குடியிருப்புக்கு இந்த மடல் எப்படிப் பயன்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மலிவு விலை வீடுகளில் குடியிருக்கும் பலருக்கும் இது உதவும்.

எங்கள் கட்டடத்தில் இரண்டு மின்தூக்கிகள். ஒன்று நெடுநாளாக நிற்கிறது. மற்றொன்று நினைத்தால் ஓடும். மேல் மாடிகளில் முட்டிவலிக்காரர்களும், டயாலிசிஸ் செய்துகொள்ள வாரம் மூன்று முறை கீழே இறங்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். மின்தூக்கியை மாற்றும் செலவு எங்கள் மாதாந்திரப் பராமரிப்புக் கட்டண வசூலுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. பினாங்கு மாநில அரசிடம் இதற்கென்றே ஒரு திட்டம் உண்டு. 80 விழுக்காடு வரை மாநிலமும், மீதி 20 விழுக்காட்டைக் குடியிருப்பாளர்களும் ஏற்றுக்கொண்டு மின்தூக்கி, கூரை, தண்ணீர்த் தொட்டி, வண்ணப்பூச்சு போன்ற பெரிய வேலைகளைச் செய்துகொள்ளும் பராமரிப்பு நிதி அது. திட்டம் இருப்பது எங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது. 'அரசாங்கம் எண்பது கொடுக்குமாமே' என்பார்கள். எப்படி வாங்குவது என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

மடலின் ஓர் இதழ் நடுவிலுள்ள இரண்டு பக்கங்களையும் இதற்கே ஒதுக்கியது. அதில் இருந்தவை எல்லாம் நடைமுறை விவரங்கள். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடிப் பராமரிப்புச் சட்டம் 2015 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி முறையாக அமைக்கப்பட்ட கூட்டு நிர்வாகக் குழுவோ நிர்வாகக் கழகமோ இருக்கவேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்து குறிப்பு இருக்கவேண்டும். கணக்கு தணிக்கை ஆகியிருக்கவேண்டும். மாநகர் மன்றத்தின் கீழ் இயங்கும் கட்டட ஆணையர் அலுவலகத்தில் எல்லாம் பதிவாகியிருக்கவேண்டும். விலைப்புள்ளிகள் வேண்டும். இந்த வரிசையில் எது குறைந்தாலும் விண்ணப்பம் எங்கே நிற்கும், ஏன் நிற்கும் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். நான் அதை வெட்டி எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த சிலர் அதைப் படித்தபிறகு வந்து கட்டினார்கள். 'நாம் கட்டாததால்தான் கணக்கு சரியாகவில்லை, கணக்கு சரியாகாததால்தான் மனு நிற்கிறது என்று இப்போதுதான் புரிகிறது அக்கா' என்று ஏழாம் மாடித் தம்பி சொன்னார். நான் பொதுக்கூட்டத்தில் தொண்டை கட்டும் வரை சொன்னது அதையேதான். ஆனாலும் அச்சில் வந்து, சட்டத்தின் பெயரோடு இருந்தபோது எடை கூடியது.

அதே இதழின் சட்டமன்றப் பகுதியில், இந்த நிதிக்கு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, ஒப்புதல் பெற்றவை எத்தனை, தாமதத்துக்குக் காரணம் என்ன என்று ஒய்.பி. கேட்ட கேள்வியும் இருந்தது. தொகுதி மக்களுக்கு வழிமுறையை விளக்கிவிட்டு, அதே விஷயத்தை அவையிலும் கேட்டிருக்கிறார். சட்டமன்ற உறுப்பினரின் வேலை என்று நான் நினைப்பது இதைத்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். நம் நாட்டில் சாக்கடை அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் சட்டமன்ற உறுப்பினரைத் தேடி ஓடுகிறோம். சட்டம் இயற்ற அனுப்பப்பட்டவரிடம் ஏன் சாக்கடையைப் பற்றிப் பேசுகிறோம் என்று இளையவர்கள் கேட்பதுண்டு. காரணம் எளிது: மாநகர் மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசு அவர்களை நியமிக்கிறது. முன்பு அப்படி இல்லை. ஜார்ஜ்டவுன் 1957இல் மாநகரமானது. அதன் தொடக்ககால மேயர்களில் ஒருவர் டி.எஸ். இராமநாதன், நம்மவர், தேர்தலில் நின்று வந்தவர். ஸ்காட் ரோடு இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன; பிறகு திரும்பவே இல்லை. பினாங்கு அரசு அவற்றை மீண்டும் நடத்த நீதிமன்றம் வரை போனது. 2014இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் என்று தொகுதியில் மிச்சம் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும்தான். எனவே சாக்கடையும் அவர்கள் வாசலுக்கே போகிறது.

இதைப் புரிந்துகொண்டு செய்யப்பட்ட ஒரு நல்ல காரியம் மடலின் இரண்டாம் பக்கத்தில் நிலையாக இருக்கும் அட்டவணை. எந்தக் குறைக்கு எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பது அதில் இருக்கிறது. நிலம், ஊராட்சி போன்றவை மாநிலத்துக்கு உரியவை. கல்வி, சுகாதாரம், குடியுரிமை, காவல், தொழிலாளர் நலம் ஆகியவை கூட்டரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, உரியவை என்று அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை பிரித்திருக்கிறது. எங்கள் மக்களுக்கு அந்தப் பிரிவு தெரியாததால் தேசியப் பதிவிலாகாவில் கேட்கவேண்டியதை மாநில அரசு அலுவலகங்கள் இருக்கும் கொம்தார் கோபுரத்தில் கேட்டு, அங்கிருந்து திரும்பி, ஒரு நாள் கூலியை இழந்து நிற்பார்கள். தமிழ்ப்பள்ளி விஷயம் இன்னும் சிக்கல். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆசிரியர் நியமனமும் பாடத்திட்டமும் கூட்டரசுக் கல்வியமைச்சின் பொறுப்பு. புதிய இடத்துக்குப் பள்ளியை மாற்றவேண்டும் என்றால் நிலம் மாநிலத்திடம் இருக்கிறது. ஒரே பள்ளிக்காக இரண்டு அரசுகளிடம் போகவேண்டும் என்பதை அந்த அட்டவணை நாலு வரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கூட்டரசுச் செய்திகளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறார்கள். நாடாளுமன்றத்தில் தமக்கு வாக்கு இல்லை என்பதையும், இந்த முடிவுகளில் தமக்குப் பங்கில்லை என்பதையும் மேலேயே குறிப்பிட்டுவிடுகிறார்கள். பிறர் செய்ததைத் தம்முடையதாக்கிக் கொள்ளாத அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதல், சிறிய இடங்களுக்கு 2025 ஆகஸ்டு 1 முதல் என்ற வேறுபாட்டைச் சரியாக எழுதியிருந்தார்கள். எங்கள் கீழ்த்தளத்தில் ஓர் அம்மா சிறிய சலவைக் கடையில் வேலை செய்கிறார். பிப்ரவரியிலேயே முதலாளியிடம் சண்டைக்குப் போக இருந்தவர், அதைப் படித்துவிட்டு ஆகஸ்டு வரை பொறுத்திருந்து, தாளைக் கையில் வைத்துக்கொண்டு போய்க் கேட்டார். கிடைத்தது.

இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றியும் இப்படித்தான். ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டினால், வீட்டு வேலையின்போது வழுக்கி விழுந்தோ எண்ணெய் கொட்டியோ காயப்படும் பெண்ணுக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவின் பாதுகாப்பு உண்டு. 2022 டிசம்பரிலிருந்து இருக்கிறது. 55 வயதுக்கு உட்பட்ட பெண்கள் சேரலாம். வாழ்நாள் முழுவதும் அடுப்படியில் நிற்கும் பெண்ணின் உழைப்புக்குச் சட்டம் ஒரு பெயர் கொடுத்திருக்கிறது, அதை நம் பெண்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. நானே எங்கள் குடியிருப்பில் வீடு வீடாக எடுத்துச் சொல்லி வருகிறேன். மடல் இதை ஓர் இதழோடு விட்டுவிட்டது. ஒவ்வோர் இதழிலும் ஒரு சிறு கட்டமாவது போடவேண்டும் என்பது என் வலுவான கோரிக்கை.

குடியுரிமை பற்றிய கட்டுரையைத் தனியாகப் பாராட்டவேண்டும். வெளிநாட்டில் குழந்தை பெறும் மலேசியத் தாய்மார்கள் தந்தையருக்கு இணையாகத் தம் குழந்தைக்குக் குடியுரிமை கொடுக்க வழிசெய்யும் அரசமைப்புத் திருத்தத்தை மக்களவை 2024 அக்டோபர் 17 அன்று நிறைவேற்றியது. 206 உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். அந்தச் செய்தி வந்ததும் இங்கே பலர் எல்லாக் குடியுரிமைச் சிக்கலும் தீர்ந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் நம் முதியவர்களுக்கு அந்தத் திருத்தத்தால் நேரடிப் பயன் இல்லை. அவர்கள் வேறு பிரிவின் கீழ் தனியாக மனுச் செய்யவேண்டும். மடல் இதைத் தலைப்பிலேயே சொன்னது. நம்பிக்கை கொடுத்துப் பிறகு ஏமாற்றுவதைவிட, முதலிலேயே உள்ளதைச் சொல்வது எவ்வளவு பெரிய உதவி என்பது பதிவிலாகா வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

சேவை மையத்துக்கு வருகிறேன். கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. சக்கர நாற்காலி போகச் சாய்தளம் போட்டிருக்கிறார்கள். வார நாட்களில் பகலில் திறந்திருக்கும். வாரத்தில் ஒரு மாலை ஒய்.பி. நேரில் உட்காருவார். எண் சீட்டு கொடுக்கிறார்கள். நாற்காலிகள் போதாது, மின்விசிறிகள் போதும். எடுத்துச் சென்ற தாளைப் பார்த்து ஒரு பேரேட்டில் பதிந்து, வரிசை எண் எழுதிய சிறு அட்டையைக் கையில் தருகிறார்கள். அந்த எண்தான் பிறகு 'நிலுவையில் உள்ளவை' பக்கத்தில் வருகிறது. ஆளின் பெயர் வராது. தன் மனு எங்கே இருக்கிறது என்பதைத் தான் மட்டும் அறிந்துகொள்ளலாம். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் யாரோ, மக்களின் மானத்தை நினைத்துப் பார்த்தவர்.

அங்கே ஒரு மாலை நான் கண்டதைச் சொல்கிறேன். எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி, சிவப்பு அட்டை வைத்திருப்பவர். தோட்டத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் இல்லை. பேரன் கூட்டிவந்திருந்தான். தமிழ் பேசும் உதவியாளர் இளம்பெண். "பாட்டி, நீங்கள் பிறந்த தோட்டத்தில் உங்களைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் யாராவது இப்போது இருக்கிறார்களா? படித்த பள்ளியில் பெயர் இருக்குமா?" என்று பொறுமையாகக் கேட்டார். பாட்டி, "நான் எங்கேம்மா படித்தேன், பால்மரம் வெட்டத்தான் போனேன்" என்றார். உதவியாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியென்றால் சம்பளச் சீட்டு, தோட்டத்து மருத்துவமனைச் சீட்டு, கல்யாணப் பதிவு, எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் சத்தியப் பிரமாணம் எழுதலாம், நாங்கள் கூட வருகிறோம்" என்றார். அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்கு முக்கியம். "கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன் பாட்டி. முடிவு உள்துறை அமைச்சிடம். நாங்கள் ஆதரவுக் கடிதம் கொடுப்போம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டே இருப்போம்." பாட்டி தலையாட்டினார். பேரனின் முகத்தில் ஏமாற்றம் இருந்தது, ஆனால் கோபம் இல்லை.

இனிக் குறைகள்.

முதல் குறை, தமிழ்ப் பதிப்பு தாமதமாக வருவது. மலாய்ப் பதிப்பு வந்து பல வாரம் கழித்தே தமிழ் கைக்கு வருகிறது. சில செய்திகளுக்கு அதனால் கேடில்லை. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிறைந்த மலேசியர் அனைவருக்கும் மைகார்டு என்னும் அடையாள அட்டை வழியாகக் கொடுக்கப்பட்ட 100 ரிங்கிட் பற்றிய அறிவிப்பும் தாமதமாகத்தான் வந்தது. அந்தத் தொகையை அந்த ஆண்டு முடிவு வரை செலவிட முடிந்ததால் யாரும் இழக்கவில்லை. ஆனால் ஓர் இதழில் வந்த கல்வி உதவித்தொகை அறிவிப்பு எங்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது விண்ணப்ப நாள் கடந்துவிட்டிருந்தது. எங்கள் குடியிருப்பிலேயே தகுதியுள்ள பிள்ளைகள் இருந்தார்கள். மலாய் தெரிந்த பிள்ளைகள்தானே, அந்தப் பதிப்பைப் படித்திருக்கலாமே என்று மையத்தில் ஒருவர் சொன்னார். அந்தப் பதில் எனக்கு ஏற்புடையதாக இல்லை. வீட்டில் மடலைப் படிப்பவர் தாயோ பாட்டியோதான்; அவர்கள் படித்துச் சொன்னால்தான் பிள்ளை மனுப்போடும். மூன்று மொழியில் வெளியிடுகிறோம் என்று அறிவித்துவிட்டால், மூன்றும் ஒரே நாளில் வரவேண்டும். பணம் போதவில்லை என்றால் பக்கத்தைக் குறையுங்கள்.

குறைப்பதற்குப் பக்கம் இருக்கிறது. படப் பக்கங்கள்தான். பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள், நாடா வெட்டுபவர்கள், அரிசி மூட்டை கொடுப்பவர்கள். அரிசி வாங்கும் ஏழையின் முகத்தை அச்சிடுவது எனக்கு அறவே பிடிக்கவில்லை. மனுக்களில் பெயரை மறைக்கத் தெரிந்தவர்களுக்கு, உதவி பெறுபவரின் முகத்தை மறைக்கத் தெரியவேண்டாமா? இதை எழுத்துமூலம் கொடுத்திருக்கிறேன். சமீபத்திய இதழில் இரண்டு படங்களில் மட்டும் முகம் தெரியாமல் எடுத்திருந்தார்கள். மற்ற எல்லாப் படங்களுக்கும் அது பொருந்தவேண்டும்.

தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நேரில் போவதே வழி. ஆனால் வாட்ஸ்அப் அறிவிப்புக் குழு நன்றாக இயங்குகிறது. 2024 ஜனவரி 10 முதல் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பக்கத்தில் வால்வுகளை மாற்ற மாநிலத்தின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டபோது, தண்ணீர் லாரி எந்தத் தெருவில் எப்போது நிற்கும் என்று உடனுக்குடன் அனுப்பினார்கள். மேல் மாடி முதியவர்களுக்கு வாளி தூக்க இளைஞர்களைத் திரட்டியதும் அந்தக் குழு வழியாகத்தான். அதையடுத்து வந்த இதழில், பினாங்கின் தண்ணீருக்குச் சுங்கை மூடா ஆற்றை எவ்வளவு நம்பியிருக்கிறோம், அந்த ஆற்று நீருக்குக் கெடா மாநிலம் கட்டணம் கேட்பது ஏன், பினாங்கு மறுப்பது ஏன் என்று ஒரு பக்கக் கட்டுரை வந்தது. கெடாவின் வாதத்தையும் எழுதியிருந்தது நல்லது.

இதற்கு நேர்மாறானது இலகு ரயில் செய்தி. முத்தியாரா வழித்தடம் 29.5 கிலோமீட்டர், 2025 ஜனவரி 11 அன்று பணிகள் தொடங்கி வைக்கப்பட்டன. தெற்கே கடலை மேடாக்கி உருவாக்கும் தீவிலிருந்து கொம்தார் வரை வந்து, கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த் போகும் பெரிய திட்டம். தீவின் போக்குவரத்து நெரிசலில் மூச்சுமுட்டும் எங்களுக்கு அது வேண்டும். ஆனால் மடலில் வந்தது தொடக்க விழாப் படமும் முழக்கமும் மட்டுமே. எந்தச் சாலை எப்போது குறுகும், எந்த பஸ் நிறுத்தம் எங்கே மாறும், கட்டுமான இரைச்சலைப் பற்றி யாரிடம் புகார் செய்வது என்பது ஒன்றும் இல்லை. மின்தூக்கி நிதிக்கு அவ்வளவு விவரம் எழுதத் தெரிந்த அதே கை, இங்கே விளம்பரத் துண்டை அப்படியே எடுத்து ஒட்டியதுபோல் இருந்தது. அடுத்த இதழிலாவது சரிசெய்யவேண்டும். தினமும் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் எங்கள் தொகுதியில் ஏராளம்.

சமூகச் செய்திகள் சுமாராக இருக்கின்றன. தைப்பூச இதழ் மட்டும் விதிவிலக்கு. 2025 பிப்ரவரி 11 தைப்பூசத்துக்கு முன்பாகவே அது வந்துவிட்டது. தமிழ்ப் பதிப்பும் கூட. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலைகளில் எவை எந்த நேரத்தில் மூடப்படும், தண்ணீர்ப் பந்தல் போடுபவர்கள் எங்கே அனுமதி வாங்கவேண்டும், சிதறு தேங்காய் உடைத்த பிறகு சாலையை யார் துப்புரவு செய்வது, முதலுதவிக் கூடாரம் எங்கே என்று எல்லாம் இருந்தது. அந்த இதழைத் தயாரித்தவர்களால் மற்ற இதழ்களையும் நேரத்துக்குக் கொண்டுவர முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இன்னும் இரண்டு கோரிக்கைகள் உண்டு. ஒன்று, சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கும்போது நம் உறுப்பினர் எந்தப் பக்கம் வாக்களித்தார், எந்த நாட்களில் அவைக்கு வந்தார் என்பதையும் அச்சிடவேண்டும். கேள்விகளை வெளியிடுபவருக்கு இதில் தயக்கம் இருக்கக்கூடாது. இரண்டு, பினாங்குக்குச் சொந்தமாகத் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. 2015 முதல் நடைமுறையில் உள்ளது. மாநில அலுவலகங்களிடம் எழுத்துமூலம் தகவல் கேட்கும் உரிமையை அது நமக்குத் தருகிறது. கூட்டரசுச் சட்டத்துக்காகக் காத்திராமல் பினாங்கும் சிலாங்கூரும் கொண்டுவந்த உரிமை இது. அந்த மனுவை எப்படி நிரப்புவது என்று ஒரு பக்கம் எழுதினால், எங்களைப் போன்ற குடியிருப்புக் குழுக்கள் ஒய்.பி.யின் தோளில் ஏறாமலேயே பாதி விவரங்களைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்வோம். அவருக்கும் நேரம் மிஞ்சும், சட்டமன்ற வேலைக்கு.

எங்கள் மின்தூக்கி மனு இதை எழுதும்போது கட்டட ஆணையர் அலுவலகத்தைத் தாண்டிவிட்டது; மாநில வீடமைப்புப் பிரிவில் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. எங்கள் பங்கான 20 விழுக்காட்டில் பெரும்பகுதி சேர்ந்துவிட்டது. மனு எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்கும் குடியிருப்பாளர்களுக்கு நான் மடலின் ஏழாம் பக்கத்தைக் காட்டுகிறேன். யாரும் என்னோடு சண்டை போடுவதில்லை.

மடல் வேண்டுமென்றால் சேவை மையத்தில் கேட்டு வாங்கலாம். காலைச் சந்தைக்கு அருகிலுள்ள காப்பிக் கடைகளிலும் வைக்கிறார்கள். தமிழ்ப் பதிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், முதியவர்கள் இருக்கும் வீட்டுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் சொல்லி ஒரு படி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மையத்துக்குப் போவதென்றால் தமிழ் பேசும் உதவியாளர் எல்லா நாளும் இருப்பதில்லை. எந்த நாள் என்பது வாசலில் எழுதியிருக்கும். மைகார்டு நகல், முன்பு அனுப்பிய கடிதங்கள், கிடைத்த பதில்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். எண் எழுதிய அட்டையைக் கொடுக்க மறந்தால், கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.